சினையாட்டின் குடல்

நான் கறி தின்கிற வீட்டில் பிறந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னுடைய அருவருப்பைக் கொண்டுபோய் என் சாதியோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குழம்பு கொதித்தால் முதல் ஆளாகத் தட்டோடு உட்காருவேன். ஆனால் குடல் மட்டும் எனக்கு ஆகாது. அம்மா குடலைப் புரட்டி மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்க்கும்போது வரும் வாடை மூக்கில் ஏறினால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த உத்தியோகம், ஆட்டுக்குடலை வெட்டிப் பாட்டிலில் போடுவது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆய்வுக்கூட வேலைக்கான படிப்பு ஒன்றை முடித்துவிட்டு, போளூரில் வீட்டுக்குப் பாரமாக உட்கார்ந்திருந்தேன். ஜவ்வாது மலை ஆடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு பேராசிரியருக்கு உதவியாளர் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். தற்காலிக வேலைதான். ஒழுங்காகச் செய்தால் கீழே கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த ஒரு வாக்குக்காகத்தான் மலையேறினேன். ஜமுனாமரத்தூரில் ஓர் ஓட்டுவீடு. அதில் ஒரு மேசை, கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துப் பார்க்கிற மைக்ரோஸ்கோப், ஃபார்மலின் கேன்கள், வரிசையாகப் பாட்டில்கள். மலையின் இன்னொரு பக்கம், காவலூரில், படித்த மனிதர்கள் பெரிய தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே மலையில் நான் புழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் பேராசிரியரே ஜீப்பில் வந்து பாடம் நடத்தினார். சந்தையில் அறுத்த குட்டியாட்டின் குடலை வெறுங்கையால் உருவி மேசைமேல் நீட்டினார். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் குடல்சுவர் நீளப் பட்டையாகத் தடித்திருந்தது. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துத் தடவச் சொன்னார். வழவழவென்று சூடாக இருந்தது. விரலை உருவிக்கொள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குடலின் உள்தோல் சில நாளைக்கு ஒருமுறை உரிந்து போய்க்கொண்டே இருக்கிறது. அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழிகள். குழிகளின் அடியில் ஸ்டெம் செல் என்கிற தாய்ச் செல்கள் உட்கார்ந்துகொண்டு, ஓயாமல் பிரிந்து பிரிந்து புதுத் தோலை மேலே தள்ளுகின்றன. தடித்த பட்டைக்குள் இருப்பது வேறொரு கூட்டம். உடம்பில் வேறெங்கோ பிறந்த செல்கள் இங்கே வந்து தங்கிப் பெருகி, நோயை எதிர்க்கிற செல்களாக ஆகின்றன. பெருகியதில் பெரும்பங்கு அங்கேயே செத்துப்போகிறது. தேறினது மட்டும் ரத்தத்தில் கலந்து உடம்பைக் காக்கப் போகிறது. ஆடு வளர்ந்து முடிந்தால் அந்தப் பட்டை சுருங்கி இல்லாமலே போய்விடும்.

இத்தனையும் சொல்லிவிட்டுக் கைக்குட்டையில் கையைத் துடைத்து, அதைச் சட்டைப்பையில் செருகினார். அதே சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து எனக்கும் ஒன்று நீட்டினார். வேண்டாம் என்றேன். “கூச்சப்படாதேப்பா” என்றார். பிறகு இங்கே எந்த மெஸ்ஸில் குடல் வறுவல் நன்றாயிருக்கும் என்று விசாரித்தார். அந்த நிமிஷத்திலேயே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

வாரச்சந்தையன்று கறி போடும் இடத்தில் விடிந்ததும் போய் நிற்பேன். உயிர் போனதும் உடம்பில் முதலில் கெட ஆரம்பிப்பது குடல்தான். அதனால் வயிறு கிழிந்த கையோடு துண்டு நறுக்கி, உப்புத்தண்ணீரில் அலசி, ஃபார்மலினில் முக்கிவிட வேண்டும். சாணி, பித்தம், ரத்தம், ஃபார்மலின் எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம் என் நகக்கண்ணில் குடியேறியது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்துப் பார்த்தேன், புளியைத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் கையால் சாப்பிடுவதையே விட்டுவிட்டு ஸ்பூன் வாங்கினேன். மெஸ்ஸில் என்னைத் துரை என்று கேலி செய்தார்கள்.

ஊர்க்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ஆட்டு டாக்டர். நான் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. ஆனால் அந்தப் பெயரை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. மரியாதை யாருக்குக் கசக்கும்?

ஏழெட்டு மாதம் போனது. ஐப்பசி மழை தொடங்கிய சமயம் பேராசிரியர் மறுபடி வந்தார். பிறந்த குட்டியின் குடலில் பாலும் புல்லும் கிருமியும் போய்விடுகின்றன. அந்த அழுக்கு பட்டதால்தான் பட்டை வளர்கிறதா, இல்லை தாய் வயிற்றிலேயே எந்த அழுக்கும் படுவதற்கு முன்பே தானாகத் தொடங்கிவிடுகிறதா? அவருக்கு இதுதான் கேள்வி. “ஈனப்போகிற மலையாடு ஒண்ணு வேணும். நோய்நொடி எதுவும் இருக்கக் கூடாது. கிடைச்சா உன் வேலை உறுதி. கிடைக்கலேன்னா இந்தக் கடையை மூடிட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மலையில் சினையாட்டை யாரும் அறுக்க மாட்டார்கள், அறுக்கவும் தர மாட்டார்கள். நான்கு ஊர்களுக்கு நடந்து கேட்டேன். ஓரிடத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்த ஒருவர், “சினையாட்ட அறுக்கறதா? வாயக் கழுவுங்க சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். போளூர்ச் சாலையில் இறங்கிப் பிரிந்து ஒரு மணி நேரம் நடக்கிற தூரத்தில் அவருடைய ஊர். நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் காப்பித்தோட்ட வேலைக்குப் போனவர், வருஷத்துக்கு ஒருமுறை வருவார். மகனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீடுதான் பெண்ணுக்குப் பரியம் தர வேண்டும். பெண் வீட்டில் கேட்டது எட்டு ஆடுகள். இந்த அம்மாவிடம் தாயாட்டையும் சேர்த்து ஏழு இருந்தன. தாயாடு சினை. அது ஈன்றுவிட்டால் பரியம் சரியாகிவிடும், தை பிறந்ததும் கல்யாணம். இதையெல்லாம் நான் கேட்காமலே, வாசலில் நின்றபடியே சொன்னார். சொல்லிக்கொண்டே மடியிலிருந்து தேக்கிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஆட்டின் கழிச்சல்.

“தாயாடு ரெண்டு நாளா கழியுது சார். இன்னா நோவுன்னு பாத்துச் சொல்லுங்க.”

பச்சையாக, கூழாக, நுரைத்துக்கொண்டிருந்தது. இடுப்பில் செருகி இவ்வளவு தூரம் நடந்து வந்ததில் அந்த அம்மாவின் உடம்புச் சூடு அதில் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துளியைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தேன். மலையாடு எல்லாவற்றுக்கும் இருக்கிற பூச்சி முட்டை நாலைந்து. வேறொன்றும் இல்லை. மழைக்கு முளைத்த பச்சைப் புல்லை அளவுக்கு மீறி மேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ரெண்டு நாள் காய்ந்த தழை போட்டால் தானே நின்றுவிடும்.

இதைச் சொல்லத்தான் தலையை நிமிர்த்தினேன். வேறு ஒன்றைக் கேட்டேன்.

“எப்ப ஈனும்?”

“இன்னும் பத்துப் பாஞ்சு நாள் கீது சார்.”

அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது. “பெரிய நோவும்மா. குடலுக்குள்ள வந்துகீது. மருந்து கெடயாது. வுட்டா மத்த ஆட்டுக்கும் தொத்திக்கும். இங்க கொண்டாந்து வுட்டுடு. நான் அறுத்துப் பாத்துட்டு, மருந்துத் தண்ணில போட்டு அழிச்சுடறேன்.”

“வயித்துல குட்டி கீதே சார்.”

“அது உள்ளயே கெட்டுப் போயிருக்கும்மா.”

அந்த அம்மா இலையை மறுபடி மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். வர மாட்டார் என்று நினைத்தேன். வராவிட்டால் நிம்மதி என்றுகூட ஒரு பக்கம் தோன்றியது. மறுநாள் வெயில் ஏறும்போது ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கருப்பு ஆடு, காது மட்டும் வெள்ளை. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது.

கயிற்றை என்னிடம் நீட்டும்போது ஆடு என் வாசலிலேயே புழுக்கை போட்டது. உருண்டை உருண்டையாக, கருகருவென்று, அடுக்கி வைக்கலாம் போல அத்தனை நல்ல புழுக்கை. அந்த அம்மா அதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“கெட்டியா போடுது பாருங்க சார்.”

அந்தக் குரலில் இருந்த ஆசை எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டுக்கொண்டேதான் சொன்னேன். “உள்ள கீற நோவு வெளிய தெரியாதும்மா.”

“சரிங்க சார். நம்ம ஆட்டால ஊரு ஆடு கெட வேணாம்” என்று சொல்லிக் கயிற்றைக் கொடுத்துவிட்டார். ஆட்டின் முதுகை ஒருமுறை தடவினார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சந்தையில் கறி போடுகிறவரைக் கூப்பிட்டேன். ஆட்டின் வயிற்றைப் பார்த்ததுமே கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். ஆகவே நானே செய்தேன். எப்படிச் செய்தேன் என்று எழுதப் போவதில்லை. தெரியாத கை செய்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆனது. வயிற்றைத் திறந்தபோது எழுந்த ஆவி முகத்தில் அடித்தது. பைக்குள் இரண்டு குட்டிகள். நன்றாக முடி முளைத்து, குளம்பு வெளுப்பாக, முழுசாக இருந்தன. ஒன்றின் காது தாயினுடையதைப் போலவே வெள்ளை. கெட்டுப்போகவில்லை. அசைந்தன. நான் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தியெடுத்தேன். வாயைக் கழுவிவிட்டு வந்து, வேலையை முடித்தேன். இதில் எது அதிகம் அருவருப்பு என்று கேட்டால், வாந்தியெடுத்துவிட்டு வந்து முடித்ததுதான்.

பாட்டிலோடு அனுப்பவேண்டிய படிவத்தில் ஆட்டின் உடல்நிலை என்று ஓர் இடம் உண்டு. நேர்மையாக நிரப்பினேன். ‘நலம்’ என்று எழுதினேன்.

கீழே கல்லூரியில் அந்தக் குட்டிகளின் குடல் துண்டுகளை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றினோம். பேராசிரியர் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். குழிகளின் அடியில் தாய்ச் செல்கள் பிரிகிற நிலையிலேயே நின்றிருந்தன. பட்டைக்குள் உருண்டை உருண்டையான அறைகள். அறை முழுக்க ஊதா நிறத்தில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. எந்தக் கிருமியும் எட்டிப் பார்க்காத இடத்தில், என்றைக்கோ வரப்போகிற நோய்க்கு அந்தக் குட்டிகள் அப்போதே தயாராகிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாக இருந்தது. அந்தக் குடலில் நாற்றம்கூட இல்லை. நான் மலையில் பார்த்ததிலேயே சுத்தமான குடல் அதுதான். “சபாஷ்டா” என்று பேராசிரியர் என் முதுகில் தட்டினார். ஒரு வாரத்தில் நிரந்தர வேலைக்கான கடிதம் கைக்கு வந்தது.

மார்கழி பிறந்ததும், மலை வீட்டைக் காலிசெய்து சாமான்களைக் கட்டி அனுப்ப மறுபடி ஜமுனாமரத்தூருக்குப் போனேன். டீக்கடைக்காரர் கிளாஸை என் முன்னால் வைத்துக்கொண்டே கேட்டார்.

“இன்னா சார், அந்தம்மா ஆட்டுக்கு அப்டி இன்னா நோவு? ஊரு ஊரா போய்ச் சொல்லிக்கினு கீதே.”

“இன்னான்னு?”

“எங்க ஆட்டுக்குப் பெரிய நோவு, டாக்டரே சொல்ட்டாரு, எங்க ஆடு தண்ணி குடிக்கிற எடத்துக்கு யாரும் ஆடு ஓட்டியாராதீங்கன்னு. மிச்ச ஆட்ட தனியா மேல காட்டோரம் பட்டி போட்டு வெச்சிருக்குது. பொண்ணு வூட்டுக்கும் அதுவே போய்ச் சொல்லிட்சி, இந்த ஆட்ட வாங்காதீங்கன்னு. பரியமே ஆடுதான சார்? கல்யாணம் நின்னுட்சி.”

கீழே எங்கள் பக்கத்துக்காரனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? மூச்சு விடாமல் ஆறு ஆட்டையும் அடுத்த சந்தையில் தள்ளிவிட்டிருப்பான். இல்லை, வாயை மூடிக்கொண்டு பரியமாகவே ஓட்டிவிட்டிருப்பான். நான் பொய் சொன்னபோது என் மனத்தில் இருந்தது அந்த ஆள்தான். ஒரு ஆடு போகும், விஷயம் அதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். நோவு என்று சொன்னால் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் எச்சரிக்கிற ஒருத்தர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்றே நடந்து போனேன். அந்த அம்மா என்னைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பாய் விரித்தார். சாமைச்சோறும் அவரைக்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். “நீங்க நல்ல நேரத்துல சொன்னீங்க சார். இல்லேன்னா அந்த வூட்டு ஆடும் போயிருக்கும், பழி நம்ம மேல வந்திருக்கும்” என்றார். நான் ஸ்பூன் கொண்டுபோகவில்லை. கையால்தான் பிசைந்தேன். நாற்றம் பிடித்த அந்தக் கையால் எடுத்த சோறு வாய்வரைக்கும் போகவில்லை.

சொல்லிவிட்டேன். ஆட்டுக்கு நோவே இல்லை, எனக்குச் சினையாடு வேண்டியிருந்தது, அதற்காகப் பொய் சொன்னேன் என்று சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மிச்ச ஆறும் நல்லாத்தான் கீதா சார்?”

“நல்லாத்தான் கீதும்மா. எதுக்கும் ஒண்ணும் இல்ல.”

“அப்போ அத பொண்ணு வூட்டுக்கு வந்து நீங்களே சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க, ஆட்டத் தள்ளிவுடப் பாக்குறான்னு நெனப்பாங்க. வர்ற சந்தைக்குள்ள வேற எடத்துல வாக்குக் குடுத்துடுவாங்க சார். கொறயற ஆட்ட அப்பறம் தந்துக்கலாம். எம்மவன் சோறே துன்னல.”

“வர்றேம்மா. நாளைக்கே போலாம். காலைல ரோட்டுப் பிரிவுல வந்து நில்லு” என்றேன். சொன்னபோது நிஜமாகத்தான் சொன்னேன்.

ஓட்டுவீட்டுக்கு வந்து படுத்ததும் வேறு யோசனைகள் வந்தன. பெண் வீட்டில் ஆம்பிளைகள் இருப்பார்கள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். சினையாட்டை அறுத்தாயா என்று கேட்பார்கள். அடி விழலாம். அடியை விடுங்கள், விஷயம் கீழே கல்லூரிவரைக்கும் போனால் பெட்டியில் மடித்து வைத்திருந்த அந்தக் கடிதம் என்ன ஆகும்? காலையில் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு நான் போளூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஜன்னலோரம் வேண்டாம் என்று உள்பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். பிரிவில் யாரும் கை காட்டாவிட்டால் பஸ் நிற்காது என்று நம்பினேன்.

நின்றது. யாரோ ஒருவர் சாமை மூட்டையோடு இறங்கினார். அந்த அம்மா மகனோடு அங்கே நின்றிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, மடிப்புக் கலையாத புதுப் புடவை கட்டியிருந்தார். பஸ்ஸுக்குள் என்னைக் கண்டுபிடித்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

“எறங்குங்க சார்.”

“போளூர்ல ஒரு அவசர வேலம்மா. சாயங்காலம் வந்துடறேன்.”

நான் சொன்னதை அந்த அம்மா சந்தேகப்படவே இல்லை. “சரிங்க சார், போய்ட்டு வாங்க. சாயங்காலம்தான் அந்த வூட்டு ஆம்பிளைங்களும் இருப்பாங்க. நாங்க இங்கயே இருக்குறோம்” என்றார். மகனை இழுத்துக்கொண்டு சாலையோரப் புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பஸ் மலையிறங்கிப் போளூர் வந்தது. நான் வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். சாயங்காலம் மலைக்குத் திரும்புகிற பஸ் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். அதன் ஹாரன் சத்தம் கேட்டது. நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.